டிஸ்சார்ஜ் ஆன பிறகு யார் பார்ப்பது? மனச்சிதைவு நோயும் சமூக சேவைகளும்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிக்கொள்கிறேன். தம்பிக்கு 34 வயது. மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) வந்து பதினோரு வருடம் ஆகிறது. நாலாவது தடவையாக அரசு மருத்துவமனையில் சேர்த்து, போன வாரம் வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறீர்கள். "இனி வீட்டோடு, சமூகத்தோடு வைத்துப் பார்ப்பதுதான் நல்லது, ஆராய்ச்சியும் அதைத்தான் சொல்கிறது" என்றாராம் டாக்டர். அது உண்மையா, இல்லை வார்டில் இடமில்லை என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்களா என்கிறீர்கள். அம்மா அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டதால், பேசாமல் ஒரு காப்பகத்தில் சேர்த்துவிடலாமா என்றும் கேட்கிறீர்கள். இரண்டுக்கும் அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: டாக்டர் சொல்லும் அந்தச் 'சமூகம்' யார்? கடைசியில் அது நீங்கள் ஒருவர்தானா?

டாக்டர் சொன்னது உண்மை. ஆனால் பாதி உண்மை. ஆஸ்பத்திரிக்கு வெளியே வாழ்வது நல்லது என்று காட்டிய ஆய்வுகள் எல்லாவற்றிலும், நோயாளியோடு சேர்ந்து ஒரு சேவையும் வெளியே வந்தது. ஆளை மட்டும் வெளியே அனுப்பினால் நல்லது என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. உங்கள் தம்பியை நான் பார்த்ததில்லை. அவர் எந்த மருந்தில் இருக்க வேண்டும், எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதை அவருடைய மருத்துவர்தான் சொல்ல முடியும். எது நன்றாக நிரூபணமானது, எது இன்னும் சந்தேகத்தில் இருக்கிறது, உங்கள் மாவட்டத்தில் எதைக் கேட்டு வாங்கலாம் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் பெரிய மருத்துவமனைகளை மூடிய அனுபவம். அமெரிக்காவில் 1955-இல் மாநில மனநல மருத்துவமனைகளில் சுமார் ஐந்தரை லட்சம் பேர் இருந்தார்கள். அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் பெரும்பாலோரை வெளியே விட்டார்கள். 1963-இல் சமூக மனநல மையங்களுக்கென்று சட்டம் வந்தது. ஆனால் அந்த மையங்கள் திட்டமிட்ட அளவுக்கு எழவேயில்லை. எழுந்தவற்றிலும் பல, கடுமையான நோய் உள்ளவர்களை விட்டுவிட்டு லேசான பிரச்சினை உள்ளவர்களைத்தான் பார்த்தன. தெருவிலும் சிறையிலும் மனநோயாளிகள் பெருகியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இதற்கு நேர்மாறான கதை லண்டனில் நடந்தது. 1985 முதல் ஃப்ரையர்ன், கிளேபரி என்ற இரண்டு பழைய மருத்துவமனைகளை மூடியபோது, பல ஆண்டுகள் உள்ளேயே கிடந்த சுமார் 670 பேரை ஜூலியன் லெஃப் குழுவினர் ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். தெருவுக்கு வந்தவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். குற்றங்கள் கூடவில்லை. நண்பர்களின் எண்ணிக்கை கூடியது. திரும்ப அந்த வார்டுக்குப் போக விரும்பியவர் அரிது. வித்தியாசம் ஒன்றே ஒன்று: லண்டனில் ஆளை வெளியே அனுப்பும் முன் அவருக்கு ஒரு வீடும், அந்த வீட்டுக்கு ஊழியர்களும் தயாராக இருந்தார்கள். செலவு குறைந்ததா என்றால், பெரிதாக இல்லை. மருத்துவமனைக்கு ஆன பணம் ஏறக்குறைய அப்படியே வெளியே தேவைப்பட்டது. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 'சமூகப் பராமரிப்பு மலிவு' என்று எந்த அதிகாரியாவது சொன்னால், அது குடும்பத்தின் உழைப்பைக் கணக்கில் சேர்க்காத கணக்கு.

இனி உறுதியாகத் தெரிந்தவை. மருந்துதான் தரை. 2012-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில் 65 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒரு வருடத்துக்குள் நோய் திரும்பியவர்கள், மருந்தைத் தொடர்ந்தவர்களில் நூற்றுக்கு 27 பேர். வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 64 பேர். இவ்வளவு பெரிய வித்தியாசம் மருத்துவத்தில் எங்கும் எளிதில் கிடைக்காது. ஆனால் இரண்டாவது எண்ணோடு முதல் எண்ணையும் பாருங்கள். மருந்து கொடுத்த குழுவிலும் நூற்றுக்கு 27 பேருக்கு நோய் திரும்பியது. தவிர, மருந்து குரல்களை அடக்கும், சந்தேகத்தைக் குறைக்கும். காலையில் எழுந்து குளிப்பதையோ, நாலு பேரோடு பேசுவதையோ, வேலைக்குப் போவதையோ அது தானாகக் கொண்டுவருவதில்லை. சமூக சேவைகள் என்று பேசுவதெல்லாம் இந்த மிச்சத்தைப் பற்றித்தான்.

இந்த மிச்சத்துக்கு நம் ஊரிலேயே நடந்த ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. கோவா, மகாராஷ்டிரத்தின் சதாரா, நம் காஞ்சிபுரம் ஆகிய மூன்று இடங்களில், மனச்சிதைவு நோயுள்ள 282 பேரைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்தார்கள். காஞ்சிபுரம் பகுதியை நடத்தியது சென்னையில் உள்ள மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமான ஸ்கார்ஃப். ஒரு குழுவுக்கு மருத்துவரும் மருந்தும். இன்னொரு குழுவுக்கு அதோடு சேர்த்து, பயிற்சி பெற்ற ஊர்க்காரர் ஒருவர் வீட்டுக்கே வந்து பார்ப்பார். இந்தப் பணியாளர்கள் மருத்துவர்களோ உளவியல் படித்தவர்களோ அல்லர். பள்ளிப் படிப்பும் நல்ல பேச்சும் உள்ள உள்ளூர் ஆட்கள். முதல் மூன்று மாதம் அடிக்கடி வருகை, பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை, கடைசி மாதங்களில் மாதம் ஒருமுறை. நோயைப் பற்றிக் குடும்பத்துக்கு விளக்குவது, மருந்து ஏன் விடுபடுகிறது என்று கண்டுபிடிப்பது, உடம்பைக் கவனிக்கச் செய்வது, சின்னச் சின்ன வேலைகளைத் திரும்பப் பழக்குவது, அரசு உதவிக்கு விண்ணப்பிக்க வைப்பது, இதுதான் அவர்கள் வேலை. முடிவுகள் 2014-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தன.

முடிவை உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டும். ஒரு வருட முடிவில், நோய் அறிகுறிகளில் இரு குழுவுக்கும் இருந்த வித்தியாசம் மூன்று இடங்களையும் சேர்த்துப் பார்க்கையில் சிறியது. தற்செயலாகவும் இருக்கலாம் என்று சொல்லும் அளவுக்குச் சிறியது. அன்றாட வாழ்வில் நோய் உண்டாக்கும் ஊனத்தில் மட்டும் நம்பத்தகுந்த முன்னேற்றம் தெரிந்தது. காஞ்சிபுரம் பகுதியைத் தனியாக எடுத்தால் அறிகுறி, ஊனம் இரண்டிலும் வித்தியாசம் தெளிவாக இருந்தது. கிராமப்புறமும், சேவை ஏற்கெனவே மெலிந்திருந்த இடமும்தான் அதிகப் பலன் கண்டது என்று இதைப் படிப்பது நியாயம். நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். குடும்பத்தின் பாரமும் ஊரார் ஒதுக்குவதும் மட்டும் குறையவில்லை. ஒரு பணியாளர் மாதம் ஒருமுறை வந்து போவதால் அம்மாவின் தூக்கம் திரும்பிவிடாது. ஆகவே உங்கள் களைப்பை இப்படிப்பட்ட சேவையே தீர்த்துவிடும் என்று நினைக்காதீர்கள். அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும்: வாரத்தில் ஒரு நாளாவது வேறு உறவினர் வந்து இருப்பது, செலவைப் பங்கிடுவது.

வெளிநாட்டில் அதிகம் பேசப்படுவது, மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர் எல்லோரும் சேர்ந்த ஒரு குழு வீடு தேடி வரும் முறை. ஒரு பணியாளருக்குப் பத்து நோயாளிதான் கணக்கு. தேவைப்பட்டால் தினமும் வருவார்கள். 1970-களில் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் தொடங்கிய இந்த முறை, அமெரிக்க ஆய்வுகளில் மருத்துவமனைச் சேர்க்கையை நன்றாகக் குறைத்தது. அதே முறையை வட லண்டனில் 251 பேரிடம் சோதித்தபோது சேர்க்கை குறையவில்லை. நோயாளிகள் சேவையை விட்டு விலகாமல் இருந்தார்கள், திருப்தியும் கூடியது, அவ்வளவுதான். முறை தவறு என்று இதற்கு அர்த்தமில்லை. லண்டனில் சாதாரண நோயாளிக்கே வீட்டுக்கு வரும் செவிலியர் உண்டு. ஒப்பிட்ட குழுவும் நன்றாகவே கவனிக்கப்பட்டது, அதனால் வித்தியாசம் தெரியவில்லை. எந்த ஆய்வைப் படித்தாலும் 'எதோடு ஒப்பிட்டார்கள்' என்று முதலில் பாருங்கள். நம் மாவட்ட மருத்துவமனையில் ஒரு மருத்துவர் ஒரு காலையில் எத்தனை பேரைப் பார்க்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நிலையோடு ஒப்பிட்டால், வீட்டுக்கு ஒருவர் வருவதே பெரிய லாபமாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு.

குடும்பத்துக்கு நோயைப் பற்றிக் கற்றுத்தருவது நோய் திரும்புவதைக் குறைக்கிறது என்பதும் நன்றாக நிலைபெற்ற முடிவு. ஒரு நாள் வகுப்பு போதாது. ஒன்பது மாதமாவது விட்டுவிட்டுத் தொடர வேண்டும். இதன் பின்னால் உள்ள விஷயம், எந்நேரமும் குறை சொல்லும் அல்லது அளவுக்கு மீறி அரவணைக்கும் வீட்டில் நோய் சீக்கிரம் திரும்புகிறது என்ற பழைய கண்டுபிடிப்பு. இதைக் குடும்பத்தின் மேல் பழிபோடப் பயன்படுத்தியவர்கள் உண்டு. அது தவறு. நோயைக் குடும்பம் உண்டாக்குவதில்லை. ஆனால் வீட்டுப் பேச்சு கொஞ்சம் மாறினால் நோய் கொஞ்சம் அடங்கும். உதாரணமாக, பத்து மணி வரை படுத்திருக்கும் ஆளைப் பார்த்து "மாடு மாதிரி தூங்குறான், சோறு மட்டும் வேணும்" என்று அப்பா சொல்வார். அந்தச் சோம்பலில் பாதி நோய், மீதி ராத்திரி போட்ட மாத்திரை. அதையே "எட்டரைக்கு டீ போடுறேன், வந்து குடிச்சிட்டு வாசல் செடிக்குத் தண்ணி ஊத்து" என்று ஒரே ஒரு வேலையாக, நேரம் குறித்துச் சொன்னால் நடக்க வாய்ப்பு உண்டு. ஒரு சமயத்தில் ஒரு வேலை. செய்ததும் ஒரு வார்த்தை பாராட்டு. 'கேமரா வைத்திருக்கிறார்கள்' என்று அவர் சொன்னால் இல்லை என்று வாதாடவும் வேண்டாம், ஆமாம் என்று ஒத்து ஊதவும் வேண்டாம். "எனக்கு அது தெரியலை, ஆனா உனக்குப் பயமா இருக்குன்னு புரியுது" என்று சொல்லி, பேச்சை வேறு பக்கம் திருப்பலாம்.

வேலை விஷயத்தில் ஆராய்ச்சி பழைய நம்பிக்கையைத் தலைகீழாக்கிவிட்டது. முதலில் பயிற்சி, பிறகு பட்டறை, தயாரான பிறகு வேலை என்பதுதான் வெகுகாலம் வழக்கம். பலர் பட்டறையில் மெழுகுவர்த்தியும் காகிதக் கவரும் செய்தே வருடங்களைக் கழித்தார்கள். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் இருவரும் உருவாக்கிய முறை இதை மாற்றியது. வேலை வேண்டும் என்று அவர் சொன்னாலே போதும், அவருக்குப் பிடித்த வேலையை உடனே தேடிக் கொடுத்து, வேலையில் சேர்ந்த பிறகும் கூட நின்று தாங்கிப் பிடிக்க வேண்டும். ஆறு ஐரோப்பிய நகரங்களில் 312 பேரிடம் சோதித்தபோது, பதினெட்டு மாதத்தில் ஒரு நாளாவது வெளிவேலைக்குப் போனவர்கள் இந்த முறையில் 55 சதவீதம், பயிற்சி முறையில் 28 சதவீதம். வேலைக்குப் போனதால் நோய் முற்றியது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. நம் ஊரில் பெரும்பாலான வேலை கடையிலும் வயலிலும் கட்டடத்திலும் இருப்பதால் அந்தச் சதவீதங்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கொள்கையை எடுத்துக்கொள்ளலாம். தெரிந்தவர் கடையில் அரை நாள் வேலை, கணக்கு எழுதுவதா சாமான் அடுக்குவதா என்பதை அவரே முடிவு செய்யட்டும். சம்பளம் எவ்வளவு குறைவானாலும் அவர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். காலைத் தூக்கம் தடையாக இருந்தால், மருந்தை இரவு முன்னதாகக் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஓனருக்கு நோயைப் பற்றிச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் தம்பியின் முடிவு.

சந்தேகத்தில் இருப்பவற்றையும் சொல்லிவிடுகிறேன். சட்டத்தின் வற்புறுத்தலோடு வெளியில் வைத்தே சிகிச்சை தருவது இங்கிலாந்தில் இருக்கிறது. மருந்தை விட்டால் திரும்ப அழைத்துக்கொள்வார்கள். 333 பேரிடம் நடந்த ஆய்வில், ஒரு வருடத்துக்குள் திரும்பச் சேர்க்கப்பட்டவர்கள் இரு குழுவிலும் 36 சதவீதம். வற்புறுத்தலால் ஒரு பலனும் தெரியவில்லை. நோயிலிருந்து மீண்டவர்களையே பணியாளர்களாக வைப்பது நம்பிக்கையையும் துணிவையும் கூட்டுகிறது. சேர்க்கையைக் குறைக்கிறதா என்பதில் முடிவுகள் முன்னுக்குப் பின் முரணாக இருக்கின்றன. 'மேலைநாட்டைவிட இந்தியாவில் மனச்சிதைவு நோய் நன்றாகக் குணமாகிறது' என்று உறவினர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பழைய ஆய்வுகளில் ஆக்ராவும் சண்டிகரும் அப்படித்தான் காட்டின. ஆனால் ஆய்விலிருந்து காணாமல் போனவர்கள், இறந்தவர்கள், சிகிச்சைக்கே வராதவர்களைச் சேர்த்தால் அந்தப் படம் நிற்குமா என்று பலர் கேட்கிறார்கள். 'கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும்' என்பதற்கு மட்டும் அது ஒருக்காலும் ஆதாரம் ஆகாது.

இப்போது இந்த மாதம் செய்ய வேண்டியவை. டிஸ்சார்ஜுக்குப் பிறகான முதல் சில வாரங்கள்தான் தற்கொலை ஆபத்தும் மருந்து விடுபடுவதும் மிக அதிகமான காலம். ஏழு நாளைக்குள் ஒருமுறை மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. நீங்கள் வந்து ஒரு வாரம் ஆகிவிட்டது என்றால், நாளைக்கே போங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 98-ஆம் பிரிவு, டிஸ்சார்ஜுக்கு முன் நோயாளி, கூட இருக்கப்போகும் குடும்பத்தார், இனிமேல் பார்க்கப்போகும் மனநல மருத்துவர் எல்லோரையும் கலந்து ஒரு திட்டம் போட வேண்டும் என்கிறது. நடைமுறையில் பெரும்பாலும் ஒரு சீட்டும் மாத்திரைப் பொட்டலமும்தான் கையில் வரும். கோபப்படாமல், இந்த நாலு விஷயங்களை எழுதித் தரச் சொல்லுங்கள்: கம்பெனிப் பெயர் இல்லாமல் மருந்தின் மூலப்பெயரும் அளவும்; கடைசி ஊசி போட்ட தேதியும் அடுத்த தேதியும்; முன்பு கொடுத்துப் பலிக்காத மருந்துகள்; ஊருக்குப் பக்கத்தில் எந்த மருத்துவமனையில், எந்தக் கிழமையில் தொடர வேண்டும் என்பது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இருப்பார். குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் வருவார். அந்தத் திட்டத்தின் சமூகப் பணியாளர் யார் என்று கேட்டு அறிமுகம் செய்துகொள்ளுங்கள். 'சமூகம்' என்பதற்கு உங்கள் மாவட்டத்தில் பெயரும் முகமும் உள்ள முதல் ஆள் அவர்தான்.

நாலு தடவை சேர்க்கை நடந்திருக்கிறது என்றால், ஒவ்வொரு தடவையும் அதற்கு முந்தைய மூன்று வாரத்தில் என்ன நடந்தது என்று தம்பியோடு உட்கார்ந்து எழுதுங்கள். பெரும்பாலும் வரிசை ஒன்றே போல இருக்கும்: முதலில் தூக்கம் குறையும், பிறகு குளிப்பது நிற்கும், செல்போனை அணைத்து வைப்பார், சாப்பாட்டைச் சந்தேகப்படுவார். முதல் இரண்டு அடையாளம் தெரிந்த உடனே மருத்துவரிடம் போக வேண்டும், நாலாவதுக்குக் காத்திருக்கக் கூடாது. இதை அவர் நன்றாக இருக்கும்போதே பேசி, எழுதி, வீட்டில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டிவிடுங்கள். முற்றிய நிலையில் தனக்கு என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது, யார் தன் சார்பில் பேச வேண்டும் என்று அவரே முன்கூட்டி எழுதிவைக்கவும் இதே சட்டம் உரிமை தருகிறது. நள்ளிரவில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. உயிருக்கு ஆபத்து என்றால் 108.

மருந்தை ஏன் நிறுத்தினார் என்று அவரிடம் கேட்டிருக்கிறீர்களா? 'நோயை ஒத்துக்கொள்ளவில்லை' என்பது ஒரு காரணம்தான். எடை கூடுவது, ஒரு இடத்தில் உட்கார முடியாத காலின் தவிப்பு, தாம்பத்தியக் குறைபாடு, எச்சில் ஒழுகுவது, இவற்றுக்காக நிறுத்துபவர்கள் ஏராளம். அக்காவிடம் இதையெல்லாம் சொல்லக் கூச்சப்படுவார். மருத்துவரிடம் தனியாகப் பேசவிடுங்கள். பல பக்கவிளைவுகளுக்கு அளவைக் குறைப்பதோ மருந்தை மாற்றுவதோ வழி உண்டு. மாத்திரை தினமும் தகராறாக இருந்தால், இரண்டு முதல் நாலு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி பற்றிக் கேளுங்கள். பழைய வகை ஊசிகள் அரசு மருத்துவமனைகளிலேயே கிடைக்கும். சாம்பாரில் கலந்து கொடுப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். 'என் சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள்' என்பது அவர் நோயின் பயம். அதை நாமே உண்மையாக்கிவிடுகிறோம். தெரிந்துவிட்டால் சாப்பாடும் நிற்கும், மருந்தும் நிற்கும். அவர் க்ளோசபின் எடுப்பவராக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவிலேயே திரும்பத் தொடங்கக் கூடாது; ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம், வலிப்பு வரலாம். மருத்துவர் மிகச் சிறிய அளவிலிருந்து ஏற்றித் தருவார். தொண்டைவலியோடு காய்ச்சல் வந்தால் அன்றே வெள்ளணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். மலச்சிக்கலை அலட்சியம் செய்யக் கூடாது, அந்த மருந்தில் அது உயிருக்கே ஆபத்தாகியிருக்கிறது.

உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட பத்து முதல் இருபது ஆண்டு முன்னதாக இறக்கிறார்கள். பெரும்பாலும் மாரடைப்பு, சர்க்கரை, நுரையீரல் நோய் போன்ற உடல் வியாதிகளால். எடை, இடுப்பளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை மருந்து தொடங்கும்போதும், மூன்று மாதத்திலும், பிறகு வருடம் ஒருமுறையாவதும் பார்க்க வேண்டும். மனநலப் பிரிவில் யாரும் கேட்காவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். பீடி, சிகரெட் எத்தனை என்று எண்ணி வையுங்கள்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இதுவரை விண்ணப்பிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மனநோயும் ஒரு மாற்றுத்திறன் வகை. 40 சதவீதம் இருந்தால் பெரும்பாலான சலுகைகளுக்குத் தகுதி. மனநோய்க்கு ஐடியாஸ் என்ற அளவுகோலை வைத்துக் கணக்கிடுகிறார்கள். தன்னைப் பராமரித்துக்கொள்வது, மனிதர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை ஆகிய நாலுக்கும் பூஜ்யம் முதல் நாலு வரை மதிப்பெண். நோய் எத்தனை வருடம் என்பதற்குத் தனியாக ஒன்று முதல் நாலு. மொத்தம் ஏழு வந்தால் 40 சதவீதத்தைத் தொடும். பத்து வருடத்துக்கு மேல் ஆனதால் உங்கள் தம்பிக்குக் காலத்துக்கே நாலு கிடைக்கும், ஆனால் அதற்குப் பழைய சீட்டுகள் ஆதாரமாக வேண்டும். எங்கே தவறுகிறது என்றால், அன்றைக்கு நல்ல சட்டை போட்டு, தலை வாரிக் கூட்டிப்போய், டாக்டர் கேட்கும்போது "இப்போ நல்லாத்தான் இருக்கான் சார்" என்று அம்மா சொல்லிவிடுவார். பிள்ளையை விட்டுக்கொடுக்காத அம்மா அப்படித்தான் சொல்வார். ஆகவே முன்பே எழுதிக் கொண்டுபோங்கள்: வாரத்தில் எத்தனை நாள் சொல்லாமல் குளிக்கிறார், தனியாக பஸ் ஏறுவாரா, கடைசியாக எப்போது எத்தனை நாள் வேலைக்குப் போனார். உங்கள் அப்பா மத்திய அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர் என்றால், சம்பாதிக்க இயலாத மனநோயுள்ள பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. தம்பி பெயரை அப்பா இருக்கும்போதே ஓய்வூதியக் கோப்பில் சேர்த்துவிடுங்கள். பிறகு அலைவதைவிட இது எவ்வளவோ சுலபம்.

கடைசியாகக் காப்பகம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஒரு தனியார் காப்பகத் தீயில் கருகினார்கள். அதற்குப் பிறகு சட்டம் மாறியது; யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியில் கட்டுவது இன்று குற்றம், பதிவு இல்லாமல் காப்பகம் நடத்துவதும் குற்றம். ஆனாலும் இன்று சேரும் இடம் என்பதைவிட, வெளியே வரும் வழி இருக்கிறதா என்பதைப் பாருங்கள். 2019-இல் வெளியான நாடு தழுவிய கணக்கெடுப்பில், அரசு மனநல மருத்துவமனைகளில் இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் ஒரு வருடத்தையும் தாண்டி உள்ளேயே இருந்தார்கள். நோய் தணிந்த பிறகும் கூட்டிப்போக ஆளில்லாமல் தங்கிப்போனவர்கள் அதில் நிறையப் பேர். குடும்பம் இல்லை, வீட்டார் ஏற்கவில்லை, வெளியே வசதி இல்லை என்ற காரணங்களுக்காக ஒருவரை உள்ளேயே வைத்திருக்கக் கூடாது என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு சொல்கிறது. இதற்கு மாற்றாகத் தமிழ்நாட்டில் பிறந்த நல்ல முயற்சி, தி பான்யன் என்ற மனநலத் தொண்டு அமைப்பு 2015-இல் தொடங்கிய 'ஹோம் அகெய்ன்'. ஊருக்குள் சாதாரண வாடகை வீட்டில் நாலைந்து பேர் சேர்ந்து வாழ்வார்கள், துணைக்கு ஒரு பணியாளர் இருப்பார், சமையலும் சந்தையும் கோவிலும் அவர்கள் பொறுப்பு. பல ஆண்டு மருத்துவமனையில் கிடந்தவர்களுக்கு இதனால் சமூகத்தோடு ஒட்டுவது கூடியது என்று அவர்கள் ஆய்வு காட்டுகிறது. குலுக்கல் முறையில் நடந்த ஆய்வு அல்ல என்பதால் எண்ணிக்கையில் எச்சரிக்கை வேண்டும். ஆனால் லண்டனில் கண்டதும் இதுவும் ஒரே திசையில்தான் இருக்கின்றன.

உங்கள் தம்பிக்கு இப்போது ஒரு வீடு இருக்கிறது, அதனால் இந்த வருடம் காப்பகம் வேண்டாம் என்பேன். ஊசியும் பணியாளரும் அடையாள அட்டையும் ஒழுங்கான பிறகு, ஆறு மாதம் கழித்துத் திரும்ப யோசியுங்கள். அம்மா அப்பாவுக்கு அதற்குள் முடியாமல் போனால், தம்பியையும் அழைத்துக்கொண்டு இரண்டு மூன்று இடங்களை முன்னறிவிப்பு இல்லாமல் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பாருங்கள். மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழ் சுவரில் இருக்கிறதா, காலம் முடிந்துவிட்டதா? மனநல மருத்துவர் எந்தக் கிழமை வருவார், மருந்துப் பதிவேட்டில் அவர் கையெழுத்து இருக்கிறதா? உள்ளே இருப்பவர்கள் போனில் பேசலாமா, கேட் வரை தனியாக வரலாமா? கடைசியாக யார், எப்போது இங்கிருந்து வீட்டுக்குத் திரும்பினார்? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லத் தடுமாறும் இடத்தில் சேர்க்காதீர்கள். தகராறு வந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். தொலைபேசி எண் 15100.